ஆள் இருக்கிற வீடு

கதவைத் திறந்ததும் அடித்த வாடையில் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் தலை நரைத்தவள். ஈரத்துணி கெட்டுப்போன வாடை அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் ஒரு வீடே கெட்டுப்போன வாடையை இன்றுதான் முகர்கிறாள்.

குளியலறைச் சுவருக்குள் குழாய் வெடித்து, தண்ணீர் படுக்கையறைவரை போயிருந்தது. தரைப்பலகைகள் உப்பி வளைந்து கிடந்தன. சுவரோரம் காளான்கள் குடை விரித்திருந்தன. கீழ்வீட்டில் குடியிருக்கும் புத்தக பைண்டர் தன் கூரைப்பூச்சு இடிந்து விழுந்தபிறகுதான் போன் செய்திருந்தார்.

சேமித்ததையெல்லாம் கொட்டி வாங்கிய வீடு. இதன் வாடகையை நம்பித்தான் அடுத்த வருஷம் வேலையை விடுவதாக இருந்தாள். வரி, பராமரிப்பு, தரகர், பெயின்ட், இன்சூரன்ஸ் என்று ஆளுக்கொரு வாய் கடித்ததுபோக மிஞ்சுவது சொற்பம்தான். ஆனாலும் ஒருத்திக்குப் போதும். குடித்தனக்காரர்கள் காலி செய்து ஐந்து வாரமாகியும் அடுத்த ஆள் அமையவில்லை.

தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். உலகத்தில் அவனுக்குத் தெரியாத சட்டம் கிடையாது. "ஒரு மாசம் பூட்டிக் கிடந்தா இன்சூரன்ஸ்காரன் கைவிரிச்சிடுவான்க்கா" என்று சொல்லி, அவனே வந்து திரைச்சீலை மாட்டி, வாசலில் செருப்பு வைத்து, கட்டிலில் படுக்கையும் விரித்துவிட்டுப் போயிருந்தான். சாயங்காலமானால் தானாக எரியும்படி விளக்கு வேறு. அதன்பிறகு இருவருமே இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இன்சூரன்ஸ் சர்வேயர் முழங்கால்வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். அறை அறையாகப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தைத் தம்பியால்தான் தாங்க முடியவில்லை.

"அக்காதான் சார் இங்க குடியிருக்காங்க."

சர்வேயர் அவளைப் பார்த்தார். "அப்படியா மேடம்?"

தம்பி அவள் முழங்கையை லேசாக இடித்தான்.

"ஆமாங்க."

அவர் படுக்கை விரிப்பின் நுனியைத் தூக்கினார். அடியில் கரும்பச்சையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அதை மெதுவாகக் கீழே விட்டார்.

"இது குறைஞ்சது பத்து நாள் ஓடின தண்ணி. நேத்து ராத்திரி எங்க படுத்தீங்க?"

தம்பி சளைக்கவில்லை. "அவங்க நைட் ஷிப்ட் சார். அசதியில கவனிச்சிருக்க மாட்டாங்க."

"காளானைக் கூடவா?"

சொல்லிவிட்டு அவர் ஜன்னலைத் திறந்துவிட்டார். குரலில் கோபம் இல்லை. "குடியிருந்துக்கிட்டே பத்து நாள் தண்ணியை ஓடவிட்டா அது உங்க அலட்சியம். கம்பெனி ஒண்ணும் தராது. வீடு காலியா இருந்து, தெரியாம நடந்திருந்தா வேற கதை. ரெண்டு மாசம்வரைக்கும் காலி வீட்டுக்கும் உங்க பாலிசியில பாதுகாப்பு இருக்கு. கீழ்வீட்டு நஷ்டத்துக்கும் சேர்த்துத்தான்."

ரெண்டு மாசம்.

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் வாய் திறந்தபடி நின்றிருந்தது. எதற்கும் பதில் வைத்திருக்கும் வாய். இத்தனை வருஷத்தில் அவள் ஒருதடவைகூட அந்தப் பாலிசியைப் பிரித்துப் படித்ததில்லை. அவனும் படித்திருக்க மாட்டான் என்று இப்போதுதான் உறைத்தது.

"காலியாத்தான் இருந்துச்சு" என்றாள். குரல் யாருடையதோ போல் ஒலித்தது. "அஞ்சு வாரமா."

"மேடம், இப்பதானே குடியிருக்கேன்னு சொன்னீங்க?"

"பொய் சொன்னேன்."

"பொய்த் தகவல் கொடுத்தா பாலிசியே ரத்தாகலாம். நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க. ரெண்டையும் எழுதுங்க."

அவர் எழுதினார். முடிவு ஆபீஸ் கையில்தான், தன்னால் எதையும் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தம்பி தான் வாசலில் வைத்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டான். "உனக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான்க்கா..." என்றான்.

அவனைத் திட்டலாம். திட்ட ஆரம்பித்தால், அந்த "ஆமாங்க" யார் சொன்னது என்ற கேள்வியில்தான் வந்து நிற்கும்.

போனை எடுத்துச் சலவைக்கூட மேலாளரை அழைத்தாள்.

"சார், அடுத்த வருஷம் வேலையை விட்டு நின்னுக்கிறேன்னு சொல்லியிருந்தேனே... என் இடத்துக்கு இப்போதைக்கு ஆள் பார்க்க வேண்டாம்."