மூக்காயி அக்காவுக்கு வாசித்த சந்தியாகோ

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு நான் சிலி நாட்டின் தலைநகரமான சந்தியாகோவை இடித்துத் தரைமட்டமாக்கினேன். எட்டு தசம் எட்டு அளவில் நிலநடுக்கம், எண்பதாயிரம் பேர் வீதியில். அப்போது என் கையில் பிளேன்டீ, வாயில் பாதி பிஸ்கட். இடித்த இடம் கண்டி, மஹய்யாவ, மூக்காயி அக்கா வீட்டு முன்னறை.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். சந்தியாகோ பத்திரிகை ஒன்றைப் போனில் தமிழாக்கி அக்காவுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். பாரிய நிலநடுக்கம் தலைநகரைத் தாக்குகிறது, ஆஸ்பத்திரிகள் நிரம்புகின்றன என்பது வரை வந்தேன். இது வருடாந்த ஒத்திகை, மக்கள் பயப்பட வேண்டாம் என்பது அதற்கு அடுத்த வரி. செய்தி சூடாக இருக்கும்போது அடுத்த வரிக்குப் போகிற பழக்கம் எனக்கு இல்லை.

அக்கா எழுந்தார். முப்பது வருடம் மாநகர சபையில் வீதி கூட்டியவர், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். அவருடைய ஒரே மகள் டிலானி சந்தியாகோவில் ஒரு தேயிலைக் கம்பனியில் ருசி பார்க்கும் வேலையில் இருக்கிறாள். அந்த ஊர்க்காரர்கள் பொழுது சாய்ந்ததும் பாணும் தேத்தண்ணியுமாக உட்கார்ந்துவிடுவார்களாம். அதுவும் நம்மூர்த் தேயிலை. அக்காவின் பூட்டன் பாட்டன் எல்லாம் ஹுன்னஸ்கிரியவில் கொழுந்து பறித்தவர்கள். “அவங்க பறிச்சாங்க, இவ வாயில வச்சுத் துப்புறா, இவளுக்குத்தான் சம்பளம் கூட” என்று அக்கா பெருமையாகத் திட்டுவார்.

அக்கா டிலானிக்கு அழைத்தார். மணி அடித்தது, அவள் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். எடுக்கவில்லை. போனைக் கதிரையில் போட்டுவிட்டுச் செருப்பில்லாமல் மாரியம்மன் கோயிலுக்கு நடந்தார். நான் பிஸ்கட்டோடு பின்னால் ஓடினேன். சந்நிதியில் கையைக் கூப்பி, தெருவுக்கே கேட்கும்படி நேர்த்தி வைத்தார்.

“ஆத்தா, எம் புள்ள உசுரோட இருந்தா, இந்தச் செய்திய வாசிச்சவன் தலைமுடிய ஒனக்குத் தாறேன்.”

எனக்கு நாற்பத்தாறு வயது. வீடு வாடகை, மோட்டார் சைக்கிள் தம்பியுடையது. சொந்தமென்று சொல்ல இருந்தது தலைமுடி மட்டும்தான். இரண்டு கிழமைக்கொருமுறை சாயம் பூசி, முன்னால் ஒரு அலை விட்டு, பிள்ளைபோல வளர்த்தது. நேர்த்தி வைக்கிறவர் தன் முடியைத்தானே தர வேண்டும் என்று அக்காவிடம் மெதுவாக நியாயம் பேசிப் பார்த்தேன்.

“என் தலையில என்ன தம்பி இருக்கு, எலி வாலு. ஆத்தாவுக்குக் குடுக்கிறது நல்லதா இருக்கணும்ல” என்றார். மறுக்க முடியவில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

ஏழரைக்கு டிலானியே திருப்பி அழைத்தாள். அங்கே திங்கள் இரவு பத்து மணி. நடன வகுப்பில் இருந்தாளாம், போன் பையில். அடுத்த மாதம் அவர்களுடைய சுதந்திர தினத்துக்கு ஆணும் பெண்ணும் கைலேஞ்சித் துணியை வீசி வீசி ஆடுகிற ஆட்டமொன்று இருக்கிறதாம், அதைப் பழகுகிறாள். நிலநடுக்கமா, பகல் ஒத்திகைக்குக் கம்பனியில் எல்லாரையும் வாசலில் நிற்க வைத்தார்கள், வெயில் காய்ந்தோம் என்றாள். அக்கா போனை வைத்துவிட்டு என் தலையைப் பார்த்தார். கோழிக்கடையில் நிற்கிற ஆள் பார்க்கிற பார்வை.

இவ்வளவும் எப்படி வந்தது என்பதைச் சொன்னால் என் மேல் கொஞ்சம் இரக்கம் வரலாம். ஒரு வருடமாக, என் போன் திருத்தும் கடையைத் திறக்கப் போகும் வழியில் அக்கா வீட்டில் தேநீர் குடித்து, பதிலுக்குச் சந்தியாகோ செய்தி வாசித்து வருகிறேன். தொடக்கத்தில் நல்லதாகத்தான் வாசித்தேன். மலையில் பனி விழுந்தது, சுரங்க ரயில் இன்னொரு பேட்டைக்கும் போகப் போகிறது, தெருநாய்களுக்கு ஊர்ச்சனம் குளிர்ச்சட்டை போட்டுவிடுகிறது. அக்கா கேட்டுக்கொண்டே வாடிப்போவார், பிளேன்டீயில் சீனி குறையும். ஒருநாள் தவறிப்போய், சனங்கள் சட்டி பானையைத் தட்டிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள், பொலிஸ் கண்ணீர்ப்புகை அடிக்கிறது என்று வாசித்தேன். அக்காவின் முகம் மலர்ந்தது. “அப்புடியா? அப்ப இருக்கத் தோதான ஊரு இல்ல, என்ன?” என்றார். இரண்டாவது பிஸ்கட் வந்தது.

எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. டிலானியின் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. திரும்பி வருவாளா என்று அக்காவுக்குக் கேட்கப் பயம். மகளுக்கென்று வாங்கிய புது அலுமாரி உள்ளறையில், பிளாஸ்டிக் உறைகூட உரிக்காமல் நிற்கிறது. அந்த ஊர் எவ்வளவு கெட்டதோ அவ்வளவுக்கு அலுமாரிக்கு நல்லது. ஆகவே நான் சந்தியாகோவைக் கெடுக்க ஆரம்பித்தேன். போன் பறிப்பு, தண்ணி வெட்டு, புகைமூட்டம், பஸ் வேலைநிறுத்தம், தேடித் தேடி வாசித்தேன். அக்காவுக்காக என்று சொல்லிக்கொண்டேன். பிஸ்கட்டும் காரணம்.

டிலானியிடம் நான் இரகசியமாகக் கேட்காமலும் இல்லை. டிசம்பரில் வர்றியா என்று மூன்று தரம் எழுதினேன். முதல் தரம் பனிமலைப் படம் வந்தது. இரண்டாம் தரம் உயர்த்திய கட்டைவிரல். மூன்றாம் தரம், “பாப்போம் மாமா.” கட்டைவிரலை மட்டும் அக்காவிடம் காட்டினேன். அன்றைக்குத்தான் அவர் அலுமாரி வாங்கினார்.

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் என் அலை விழுந்தது. அக்கா பக்கத்தில் நின்று ஒரு மயிர் மிச்சமில்லாமல் மேற்பார்வை செய்தார். கடையில், நானும் அவனுமாகப் போன் திருத்துகிற மடவளை றிஸ்வி, என்னைக் கண்டதும் திருத்திக்கொண்டிருந்த போனைக் கீழே வைத்தான்.

“மச்சான், இனி ஒனக்கு சிக்னல் நல்லாப் புடிக்கும்” என்றான்.

ஆனாலும் நல்ல மனசுக்காரன். வெயிலுக்குப் போடு என்று தன்னுடைய வெள்ளைத் தொழுகைத் தொப்பியைத் தந்தான். அன்று பின்னேரம் ஒரு உதிரிப்பாகம் வாங்க மடவளை பஸ்ஸில் ஏறினேன். ஒரு பெரியவர் ஸலாம் சொல்லி, தள்ளி உட்கார்ந்து இடம் தந்தார். அந்த அலையோடு இருபது வருடம் பஸ் ஏறியிருக்கிறேன், ஒருவரும் எனக்கு இடம் தந்ததில்லை.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அக்கா வீட்டில் வீடியோ அழைப்பு. டிலானிக்கு அங்கே காலை எட்டரை. பெரஹர ஊர்வலம் பார்க்க வந்த வாகனங்களின் ஹோர்ன் சத்தத்தில் பாதிப் பேச்சு கேட்கவில்லை. நேர்த்தியைத் தீர்த்த சாட்சியாக நான் தொப்பியைக் கழற்றிக் காட்டினேன். டிலானி சிரித்துச் சிரித்து மேசையில் தலை வைத்தாள். பிறகு, இனிமேல் அடுத்த வரியையும் சேர்த்து வாசிக்கும்படி எனக்குப் புத்தி சொன்னாள்.

பிறகு யன்னலைத் திறந்து ஊரைக் காட்டினாள். கட்டிடங்களுக்குப் பின்னால் வெள்ளைவெள்ளையாக மலை. கீழே பாண்கடை வாசலில் சிவப்புக் குளிர்ச்சட்டை போட்ட ஒரு தெருநாய், கடையே தன்னுடையது போலப் படுத்திருந்தது. அதற்கு அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், அது வாலாட்டியது. ஆனைக்கொய்யாவைப் பிசைந்து, உப்புப் போட்டுப் பாணில் பூசிச் சாப்பிட்டுக் காட்டினாள். நாம் சீனி போட்டுத் தின்கிற அவகாடோப் பழம் அது.

“உப்பா?” என்று கேட்ட அக்கா, கேத்தலில் தண்ணி பிடிக்கவென்று போனை என் கையில் தந்துவிட்டுக் குசினிக்குப் போனார். அவர் முதுகு கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. நாய்க்குப் பெயர் தெரிந்த ஊரை விட்டு யாரும் வருவார்களா என்று எனக்கே ஐமிச்சமாகிவிட்டது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு வருடமாக நான் அந்த மனுசிக்குக் கண்ணீர்ப்புகையையும் கட்டைவிரலையும் கொடுத்தே தேநீர் குடித்திருக்கிறேன். மொட்டைத் தலை குளிர்ந்தது.

குழாய்ச் சத்தம் கேட்டது. நான் குரலைத் தாழ்த்தினேன்.

“டிலானி, ஒரே ஒரு கேள்வி. படம் காட்டாத, வெரல் காட்டாத. என் தலையப் பாத்துச் சொல்லு. டிசம்பர்ல நீ திரும்பி வர்றியா, இல்லையா?”

குழாய் நின்றது. அக்கா குசினி வாசலில், கையில் மூடியில்லாத கேத்தலோடு நின்றார். டிலானியும் அவரைக் கண்டுவிட்டாள் என்று நினைக்கிறேன். பாணைத் தட்டில் வைத்தாள். என்னைத்தான் கூப்பிட்டாள், ஆனால் என் தோளுக்கு மேலால் பார்த்துத்தான் சொன்னாள்.

“வரல மாமா. வேலைய இன்னும் மூணு வருசத்துக்கு எழுதிக் குடுத்துட்டேன். இந்த ஊரு எனக்குப் புடிச்சிருக்கு. ஜனவரியில ரெண்டு கிழமை வந்து அம்மா கூட இருப்பேன், அது சத்தியம். அம்மா அன்னிக்குக் காட்டின அந்த அலுமாரிய உரிச்சு, அம்மாவ அவங்க சேலைய அடுக்கச் சொல்லுங்க.”