ஓட்டுநரின் உள்ளங்கைகள்

பதினாறு வருடம் பஸ் ஓட்டியவருக்கு ஸ்டியரிங்கைத் தொடவே பயம் வந்துவிட்டது. உள்ளங்கைகள் பாளம் பாளமாக வெடித்து, திருப்பத்துக்குத் திருப்பம் ரத்தம் கசிந்தது. சொரியாசிஸ் என்றார் தோல் டாக்டர். களிம்பு எழுதிக்கொடுத்து, அன்றாட வேலைகளை உடம்புக்கு ஏற்றபடி செய்யப் பழக்கும், மாடியிலிருந்த தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுக்கும் போகச் சொன்னார்.

அங்கிருந்த சிகிச்சையாளர் ஓர் இளம்பெண். எழுந்தது முதல் படுக்கும்வரை கை என்னென்ன செய்கிறது என்று கேட்டாள். மருந்துக்கு வந்தால் ஜாதகம் கேட்கிறாளே என்று நினைத்துக்கொண்டே சொன்னார். வேலை முடிந்ததும் கிரீஸ் போக, கொதிக்கும் வெந்நீரில் சலவைத்தூள் போட்டுத் தேய்ப்பதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அது சட்டைக்குப் போடுறது சார். உங்க கை சட்டையா?"

மறுநாள் அவருடைய பஸ்ஸிலேயே ஏறி, பின்சீட்டில் உட்கார்ந்து இரண்டு நடை பார்த்தாள். "திருடனைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறீங்க. அது எங்கயும் ஓடாது," என்றாள். ஸ்டியரிங்குக்கு மெத்தென்ற உறை மாட்டவைத்தாள். வெதுவெதுப்பான தண்ணீர், வாசனையில்லாத சோப்பு, துடைக்காமல் ஒற்றியெடுப்பது, ஈரம் காயுமுன் களிம்பு என்று ஒவ்வொன்றாகப் பழக்கினாள். ஒரு மாதத்தில் வெடிப்புகள் மூட ஆரம்பித்தன.

அடுத்து, நோயாளிகளுக்கான வகுப்புக்கு வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவரச் சொன்னாள். சாக்குப்போக்கு சொல்லித் தட்டிக்கழித்தார், அவள் விடவில்லை. கடைசியில் மனைவி வந்தாள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சிகிச்சையாளர் சொன்னதும் அறையே தரையைப் பார்த்தது. மனைவி மட்டும் நிமிர்ந்தாள்.

"இவர் கேக்க மாட்டார், நான் கேக்குறேன். இது ஒட்டிக்குமா?"

"ஒட்டாது. ஒரே தட்டு, ஒரே துண்டு, ஒரே படுக்கை, எதுலயும் ஒட்டாது."

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "காதுல விழுந்துச்சா? ஒரு வருஷமா தட்டு தனி, துண்டு தனி. பொண்ணு கையைக்கூடப் பிடிக்கிறதில்ல."

"உனக்கு அருவருப்பா இருக்குமேன்னு..."

"நான் சொன்னேனா? எங்க மேல உங்களுக்கு மனசு கசந்துபோச்சுன்னுல்ல நெனச்சேன்."

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். அவள் முகம் சுளிக்குமுன் தானே விலகிவிட்டால் வலிக்காது என்று நினைத்திருந்தார். அந்த வலி முழுக்க அவள் தலையில் விடிந்திருக்கிறது.

களிம்பு பூசும் முறையைக் காட்ட ஒரு கை வேண்டும் என்றாள் அந்த இளம்பெண். மனைவி அவருடைய கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாலு பேர் பார்க்கிறார்களே என்று அவர் நெளிந்தார்.

"சும்மா இருங்க," என்றாள் மனைவி.

விரலிடுக்கு, ரேகை, மணிக்கட்டு என்று நிதானமாகப் பூசினாள். அந்தத் தொடுகையில் அவர் கண் கலங்கியது. எல்லோரும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்கள்.

நோய் அடியோடு போகவில்லை. குளிர் தொடங்கியதும் மறுபடி தலைகாட்டியது. இந்த முறை அவர் கையை ஒளிக்கவில்லை. டிப்போ மேலாளரிடம் நேரில் போய் நீட்டிக் காட்டி, இரண்டு வாரம் டிக்கெட் அறையில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார்.