டோனலின் காளை தாண்டிய சுவர்

1

இந்தக் கதைக்குக் காரணம் என் கற்பனை அல்ல, கன்றுகளின் காது. எங்கள் அயர்லாந்தில் கன்றின் காதில் அடையாள வில்லை குத்தும்போதே ஒரு துணுக்குச் சதை எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்புவோம். எதை இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நட்சத்திரம் போட்டுச் சொல்வார்கள். அப்பன் யார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மூடுபனி விலகியபோது மலாக்கி வயலில்..." வேண்டாம். மலாக்கி என் கணவன். மூடுபனி விலகும்வரை அவன் எழுந்ததே இல்லை.

2

மலாக்கி பீற்றிக்கொண்டு வாங்கிய லிமோசின் என்ற பிரெஞ்சு இனக் காளைதான் கதாநாயகன். பக்கத்துப் பண்ணை டோனலின் காளை வில்லன். அதுவும் லிமோசின், அதே சிவப்பு, ஆனால் வம்சப் பெருமை கிடையாது. அது கல்சுவரைத் தாண்டி வந்து எங்கள் பசுக்களை (மீதி வரியை மலாக்கி பேனாவால் அடித்துவிட்டான்).

இரண்டு வருடம் மலாக்கி சுவரோரம் நின்று திட்டித் தீர்த்ததில் டோனல் பணிந்துவிட்டார். காளையைக் கறிக்கு அனுப்ப இன்று காலை லாரி வருகிறது.

நேற்று சோதனை முடிவு வந்தது. ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கிய கிடாரிக் கன்றுகள் அத்தனைக்கும் அப்பன் டோனலின் காளை. எங்கள் கதாநாயகனின் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நட்சத்திரம்.*

* சோதனைக்கூடத்துக்குத் தாட்சண்யம் தெரியாது.

3

இங்கே கதாபாத்திரமான மலாக்கியே என் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறான்.

"லேப்ல மாத்திட்டானுங்கன்னு எழுது."

"எல்லாக் கன்னுக்குமா மாத்துவாங்க? போய் அந்தக் காளையக் கேட்டு வாங்கிட்டு வா."

"நானா? அவன்கிட்டயா? சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவான்."

"காட்டட்டுமே. நமக்கு வேண்டியது காளை. அவர் வாய் இல்ல."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இன்னொரு வருடம் சோப்ளாங்கிக் கன்றுகளாகப் பிறந்தால் பண்ணையை மூட வேண்டியதுதான். அது அவனுக்கும் தெரியும். பாவமாகவும் இருந்தது.

4

முடிவு ஒன்று: மலாக்கி போய் டோனலிடம் காளையைக் கேட்டுக் கையேந்துகிறான். (நீங்கள் நம்பமாட்டீர்கள்.)

முடிவு இரண்டு: லாரி போகிறது, மலாக்கி தேநீர் குடிக்கிறான். (நம்புவீர்கள். அதுதான் எனக்குப் பயம்.)

முடிவு மூன்று: நான் போகிறே...

லாரிச் சத்தம். மலாக்கி ஒரு காலில் மட்டும் பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான்.

"ஏய், போனதும் முதல்ல என்ன சொல்றது?"

எழுதுகிறவள் என்று இத்தனை நாள் பெயர் பண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு வரி வரவில்லை. நீங்களாவது சொல்லுங்கள், சீக்கிரம். அங்கே காளையை ஏற்ற லாரியின் பின்கதவை இறக்கிவிட்டார்கள்.