இடப்பக்கம் ஒரு பச்சை லாரி

சாவியைத் திருப்பப் போனவள் நிறுத்தி, பக்கத்து இருக்கையில் இருந்த தேர்வாளரிடம் கேட்டாள்.

"சார், நான் பேசிக்கிட்டே ஓட்டலாமா?"

மடியில் அட்டையும் தாளுமாக இருந்த தேர்வாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"எங்கிட்ட பேசக் கூடாது. உங்ககிட்டயே பேசிக்கிறதுன்னா எனக்கு ஆட்சேபம் இல்ல."

இது அவளுக்கு நான்காவது ஓட்டுநர் உரிமத் தேர்வு. முந்தைய மூன்றிலும் வாயை இறுக மூடிக்கொண்டுதான் ஓட்டினாள். மூன்றிலும் கை உதறி, கால் உதறி, ஒருமுறை சிவப்பு விளக்கே கண்ணில் படாமல் போய்த் தோற்றாள். பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக அறிவிப்புச் சொல்பவள் அவள். வண்டி இரண்டு மணி நேரம் தாமதமாகி, கூட்டம் கண்ணாடிச் சன்னலைத் தட்டித் திட்டினாலும் மைக்கின் முன்னால் அவள் குரல் பிசகியதில்லை. கார் கற்றுக்கொள்ளும்போது ஒருநாள் பயத்தில் தன்னை அறியாமல், "முன்னால் ஒரு சைக்கிள். அதற்கு முன்னால் வேகத்தடை" என்று அதே குரலில் சொல்லிவிட்டாள். கை நடுக்கம் நின்றுபோனது. சொல்லிக்கொடுத்தவள் அவளைவிடப் பத்து வயது சின்னவள்; விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?"

அன்றிலிருந்து பாடத்தில் பேசுவாள். தேர்வில் மட்டும் மானம் போய்விடும் என்று பேசமாட்டாள்.

இன்று மானத்தைப் பார்க்க நேரமில்லை. கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். இனி மருந்தால் பயனில்லை, இரண்டொரு நாள்தான், வீட்டுக்குக் கொண்டுபோவதானால் போகலாம் என்று டாக்டர் நேற்றுச் சொல்லியிருந்தார். ஆம்புலன்சுக்குச் சொல்லட்டுமா என்று கணவரின் தம்பி கேட்டபோது கணவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"மல்லாந்து படுத்துக் கூரையைப் பாத்துக்கிட்டு வரமாட்டேன்டா. மைக்கு ஓட்டட்டும். பக்கத்துல உக்காந்து வரேன்."

மைக்கு என்பது அவளுக்கு அவர் வைத்த பெயர்.

"நான் இன்னும் பாஸே ஆகலீங்களே."

"நாளைக்குத்தானே டெஸ்ட்டு? அதுவரைக்கும் இருக்கேன், போ."

கடவுளே, குரலை மட்டும் கொடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டு வண்டியை எடுத்தாள். "கண்ணாடி பார்த்தாயிற்று. பின்னால் யாரும் இல்லை. வலப்பக்கம் பள்ளிக்கூட வாசல், வேகம் குறைகிறது. இடப்பக்கம் ஒரு பச்சை லாரி, கிளம்பப் பார்க்கிறது, அதற்கு வழி விடுகிறோம்." சொல்லச் சொல்ல, சொன்னதெல்லாம் கைக்குப் புரிந்தது. ஓர் இடத்தில் கியர் கரகரத்தது. "மன்னிக்கவும்" என்று அதையும் அறிவித்தாள். தேர்வாளர் சன்னல் பக்கம் திரும்பி உதட்டைக் கடித்துக்கொண்டார்.

வண்டியை நிறுத்தியதும் அவர் தாளில் கையெழுத்துப் போட்டார்.

"அந்தப் பச்சை லாரியை நானே கவனிக்கலம்மா."

அவள் அழுததைப் பார்த்து விவரம் கேட்டவர், வரிசையில் அவளை நிற்கவிடாமல் தாமே தாளை எடுத்துப்போய் முத்திரை வாங்கி வந்து கொடுத்தார்.

மதியம் இரண்டு நர்சுகள் கணவரைத் தூக்கி வீட்டுக் காரின் முன் இருக்கையில் உட்கார்த்தினார்கள். தம்பி பின்னால் அமர்ந்து அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டார். கணவருக்குக் கண் திறக்கவும் தெம்பில்லை.

"பாஸா?"

"பாஸுங்க."

"அப்பச் சொல்லிக்கிட்டே வா. நான் கேட்டுக்கிட்டே பாக்கிறேன்."

அவள் சொன்னாள். தையல் கடை வாசலில் புதுப் பலகை மாட்டியிருப்பதை, மூடிக் கிடந்த அச்சகத்துக்கு வெள்ளை அடிப்பதை, நாயைக் கயிற்றில் பிடித்துப்போன பெண்ணை நாய் இழுத்துப்போவதை. அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்தது. சிரிப்புத்தான்.

பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் அணைந்தது. பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹாரனை அலறவிட்டது. அவள் குரல் நின்றது.

"அண்ணி, நான் வேணா மாறிக்கட்டா?" என்றார் தம்பி.

"சும்மா இருடா," என்றார் கணவர், மூச்சுக்கு நடுவில். "மைக்கு, பயணிகள் காத்திருக்காங்க. என்னன்னு சொல்லு."

"பாலத்தின் மேல் நிற்கிறோம்," என்றாள். "பின்னால் தண்ணீர் லாரி. ஓட்டுபவர் கோபமாக..."

தம்பி சன்னல் வழியே கையை நீட்டி, முன் இருக்கையில் சாய்ந்திருந்த தலையைக் காட்டினார். ஹாரன் நின்றது. லாரிக்காரர் வண்டியைச் சற்றே குறுக்காக நிறுத்தி, வேறு எந்த வண்டியும் அவளை முந்தி நெருக்காதபடி மறித்துக்கொண்டார். இப்படி ஒரு நிமிடம் நின்று கொடுப்பவர்களை வைத்துத்தான் கடவுள் பல காரியங்களை முடித்துக்கொள்கிறார்.

"லாரி காத்திருக்கிறது," என்று அறிவித்தாள். "நாம் கிளம்புகிறோம்."

கிளம்பினார்கள்.

வீட்டு முற்றத்தில், வாசற்படிக்கு ஓர் அடி தள்ளிக் காரை நிறுத்தினாள்.

"வந்து சேந்துட்டோமா?"

"சேந்துட்டோங்க."

"நேரத்துக்கு வந்துட்டே," என்றார்.

அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, சன்னலைத் திறந்துவிட்டாள். நான்கு மணியைத் தாண்டி, அவள் கைக்குள் அவர் கை இருக்கையிலேயே மூச்சு அடங்கியது. தம்பி சுவரில் முகத்தைப் பதித்துக்கொண்டு அழுதார். அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டு வெகுநேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

தெரு ஜனம் கூடத் தொடங்கியது. முற்றத்தை அடைத்துக்கொண்டு கார் நின்றதால் வந்தவர்களுக்கு நிற்க இடமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"சாவியைக் குடுங்கம்மா. வண்டியை எடுத்து வெளிய விட்டுடறேன்."

"நானே எடுக்கிறேன்," என்றாள்.

அவள் உட்கார்ந்து எஞ்சினை முடுக்கினாள். கேட்டின் இரு பக்கமும் ஆட்கள் ஒதுங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பின்னால் போய் நின்று வழி காட்டக் கையைத் தூக்கினார். அவள் வாய் திறக்கவில்லை. கார் பின்னோக்கி நேராக, ஒரே சீராக வந்து, கேட்டைத் தாண்டி, தெருவில் திரும்பியது. பக்கத்து வீட்டுக்காரர் தூக்கிய கையை மெல்ல இறக்கிக்கொண்டார்.

முற்றத்தில் கார் நின்ற இடத்தில் நாற்காலிகளைப் போட ஆரம்பித்தார்கள்.