ஜாகாவின் நாற்காலி

மலேசியாவில், கிள்ளான் அரசாங்க கிளினிக்கில் தனலெட்சுமி காலை ஏழு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தொன்றாம் நம்பரைக் கூப்பிடும்போது மணி பத்தேகால். நர்ஸ் புனிதா மிஸ்ஸி அவள் கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், இன்னொரு தடவை அழுத்தினாள். நூற்று நாற்பத்தெட்டுக்குத் தொண்ணூற்றாறு. அப்புறம்தான் கர்ப்பப் புத்தகத்தின் அட்டை அவள் கண்ணில் பட்டது.

"இங்க சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேனே, எங்க?"

அந்த இடத்தில் மஞ்சள் சேலையில் மாரியம்மன் சிரித்துக்கொண்டிருந்தாள். மோட்டார் சைக்கிளில் ஒட்டுவதற்காக முகுந்தன் கோயில் வாசலில் வாங்கிய ஸ்டிக்கர்.

"வீட்டுக்காரருதான் ஒட்டினாரு மிஸ்ஸி. காவலா இருக்கட்டும்னு."

"காவலுக்கா, மறைக்கவா?"

பக்கத்து ஊரான மேருவில், கையுறைத் தொழிற்சாலையில் தனலெட்சுமிக்கு வேலை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே கையுறைகளைப் பெட்டியில் அடுக்க வேண்டும். ஏஜென்ட் வழியாக ஆறு மாதக் கான்ட்ராக்ட். கிளினிக்குக்கு வர நேரம் கேட்டால் சூப்பர்வைசரிடம் இந்தப் புத்தகத்தைக் காட்டியாக வேண்டும். போன வருஷம் கூட வேலை செய்த தாமரை காட்டினாள். சிவப்பு என்றால் ஆபத்தான பிரசவம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மறுமாதம் தாமரையின் கார்டுக்கு கேட் திறக்கவேயில்லை. ஸ்டிக்கரைக் கிழித்தால் மிஸ்ஸி விடமாட்டாள். அம்மனை யார் கிழிக்கப்போகிறார்கள்? புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போட்ட திட்டம் அது.

மிஸ்ஸியும் கிழிக்கவில்லை. நகத்தால் மெல்ல உரித்து, அம்மனைப் புத்தகத்தின் உள்பக்கம் ஒட்டினாள். வெளியே சிவப்பு பளிச்சென்று தெரிந்தது.

"மொத பிள்ளைக்கு என்னாச்சுன்னு மறந்துட்டியா தனா?"

மறப்பதா! ஏழாம் மாதம். தலைவலி மண்டையைப் பிளந்தது. இரண்டு பனடோல் மாத்திரையை விழுங்கிவிட்டு ஓவர்டைம் செய்தாள். கண்ணுக்குள் பொறி பறந்தது, அப்புறம் வலிப்பு. கண் விழித்தபோது வயிறு காலியாக இருந்தது. பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் நாலே நாள். ஒரே ஒரு தடவை, ஒரு விரலால் அதன் பாதத்தைத் தொட்டாள். மூன்று வருஷமாகியும் அந்த விரல் நுனியில் அது இருக்கிறது.

"ஒரு தடவ இப்படி வந்தவங்களுக்குத் திரும்ப வர்ற சான்ஸ் மத்தவங்களவிட ஜாஸ்தி. வந்தே தீரும்னு இல்ல. அதுக்குத்தான் மூணாம் மாசத்துலேர்ந்து ராத்திரி அந்த மாத்திரை குடுத்தோம். இப்ப பி.பி. ஏறுது. நல்ல வேளை, யூரின் கிளியரா இருக்கு, அதனாலதான் டாக்டர் வீட்டுக்கு விடுறாரு. இனிமே நின்னு வேல செய்யக் கூடாது. லெட்டர் தர்றாரு, வேல எடத்துல குடு."

"லெட்டர அடுத்த மாசம் வாங்கிக்கட்டுமா மிஸ்ஸி? முப்பதாந்தேதி கான்ட்ராக்ட் புதுப்பிக்கிறாங்க."

"உன் பி.பி. முப்பதாந்தேதி வரைக்கும் காத்திருக்குமா?"

வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. தனலெட்சுமி கையை நீட்டி லெட்டரை வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்து முகுந்தனுக்கு போன் போட்டு லெட்டர் விஷயத்தைச் சொன்னாள். லோரியில் போய்க்கொண்டிருந்தான்.

"வேல போயிட்டா என்னா செய்றது?" என்றான்.

"போனா போவுது. பிள்ள போனா எந்த ஏஜென்ட் கொண்டாந்து தருவான்?"

அந்தப் பக்கம் லோரியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. "குடுத்துரு," என்றான்.

சூப்பர்வைசர் யுகேந்திரன் லெட்டரை இரண்டு தடவை படித்தான். நல்ல பையன்தான். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா, அக்கா," என்றவன், நேரே கேட்டுக்குப் போய், அங்கே காவலுக்கு இருக்கும் ஜாகாவின் நீல பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்தான். அதன் ஒரு கைப்பிடி உடைந்து கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"உக்காந்து செய்ங்க."

"மகாராணிக்கு சிம்மாசனம் வந்தாச்சுடி!" என்று லைன் முழுக்கச் சிரித்தது. தனலெட்சுமியும் சிரித்தாள், கண் கலங்கியது. மறுநாள் பழைய பூப்போட்ட பாத்தேக் கைலியை மடித்து நாற்காலியில் மெத்தையாகக் கட்டினாள். பதினொரு நாள் அதில் உட்கார்ந்து பெட்டி அடுக்கினாள். ஒரு பெட்டிகூடக் குறையவில்லை. கால் வீக்கம் வற்றியது. பி.பி. நூற்று முப்பதுக்கு இறங்கியபோது மிஸ்ஸி முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

முப்பதாம் தேதி காலை, தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நாற்காலியைத்தான் முதலில் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே, ஜாகாவின் கூண்டுப் பக்கத்தில் கிடந்தது. அவள் கட்டிய கைலி அப்படியே இருந்தது. கார்டை வைத்தாள். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தாள். மறுபடியும் சிவப்பு.

யுகேந்திரன் வெளியே வந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கான்ட்ராக்ட் முடிஞ்சிருச்சு அக்கா. ஒங்கள யாரும் நிறுத்தல. ஒங்க நல்லதுக்குத்தான், வீட்ல ரெஸ்ட் எடுங்க."

"அந்த லெட்டரு குடுத்ததாலயா?"

"லிஸ்ட் ஏஜென்ட் அனுப்புறதுலா. நான் என்னா செய்ய முடியும்?"

"நாற்காலிய மட்டும் நான் வர்றதுக்கு முன்னாடியே தூக்கிட்டீங்களே, தம்பி."

அவன் உள்ளே போய்விட்டான்.

முகுந்தன் வந்து கூட்டிப்போக ஒரு மணி நேரமாவது ஆகும். நேப்பாளத்து ஜாகா நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு, உட்காரச் சொல்லிக் கை காட்டினான். அவள் உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னபடி காலை நீட்டிக்கொண்டாள்.

பஸ்ஸிலிருந்து கடைசியாக இறங்கிய பெண் அவளையும் நாற்காலியையும் பார்த்தாள். தொளதொள சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள். கைப்பையை வயிற்றுக்கு நேரே அணைத்துப் பிடித்துக்கொண்டு கார்டை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. வேகமாக உள்ளே போனாள்.