ஊதச் சொன்ன இடத்தில்

பேருந்து ஓட்டும் அவளுக்கு முதலில் விரல்கள்தான் மக்கர் பண்ணின. குளிர்பட்டால் வெளுத்து, பிறகு நீலம் பாரித்தன. தோல் இறுகி மினுமினுத்தது.

"வெளியில இறுகுறது கண்ணுக்குத் தெரியுது. உள்ளயும் இந்த நோய் வேலையைக் காட்டலாம்," என்றார் டாக்டர். அப்படியே ஆயிற்று. உணவுக்குழாய் சோம்பேறியாகி, சாப்பிட்டது நெஞ்சுக்கே திரும்பி வந்து எரிந்தது. நுரையீரலின் அடியில் தழும்பு விழுந்தது. பஸ் படியேறினாலே மூச்சு வாங்க, நீண்ட விடுப்பில் போனாள்.

மாதக்கணக்காக மருந்து சாப்பிட்ட பிறகு, தழும்பு பரவியிருக்கிறதா என்று பார்க்கும் நாள் வந்தது. துணைக்கு நாத்தனார். இதயத்துக்கு ஸ்கேன், சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து, கடைசியில் மூச்சுப் பரிசோதனை.

வாயோரம் இறுகியிருந்ததால் குழாயைக் கவ்வுவதே பெரும்பாடாக இருந்தது. இடுக்கில் காற்று கசிந்து விசிலடித்தது.

"நல்லா இழுத்து ஊதுங்க. ம், இன்னும், இன்னும்," என்று அதட்டினார் டெக்னீஷியன்.

"சார், எங்க அண்ணி டிரைவர்தான். ஆனா குடிக்க மாட்டாங்க," என்றாள் நாத்தனார், முகத்தில் சிரிப்பே காட்டாமல்.

குழாய் வாயிலிருந்து தெறித்து விழுந்தது. டெக்னீஷியன் முதுகைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அதற்கப்புறம் அவள் ஊதப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் களுக்கென்று சிரித்தார். நாத்தனாரை வெளியே அனுப்பித்தான் வேலை முடிந்தது.

டாக்டர் கணினித் திரையை நிதானமாகப் பார்த்தார்.

"தழும்பு போகாது. ஆனா போன தடவையை விட இப்ப அதிகமாகல. இதயமும் சிறுநீரகமும் நல்லா இருக்கு. மருந்தை மட்டும் விட்டுடாதீங்க."

வராந்தாவுக்கு வந்ததும் இருவருக்கும் சிரிப்பு பீறிட்டது. அவள் பெஞ்சில் சரிந்தாள்.

"அண்ணி, மூச்சு வாங்குதா?"

"வாங்கட்டும் விடு. இது சிரிச்சு வாங்குற மூச்சு."

கணவனைக் கைபேசியில் அழைத்தாள். வாயைத் திறந்தால் சிரிப்புதான் வந்தது.

"ஏய், அழறியா? என்ன சொன்னாங்க? சொல்லேன்," என்று அவன் பதறினான்.

நாத்தனார் போனைப் பிடுங்கினாள். "அண்ணா, நுரையீரல் அப்படியே இருக்காம். மோசமாகல."

அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இப்ப யாரு அழறது?" என்று போனைத் திரும்ப வாங்கிக் கேட்டுவிட்டு, அவள் மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள்.