சிவப்புக் குமிழ்

ஓடுபாதையின் தலைமாட்டில் விமானம் நின்றதும், விமானம் ஓட்டும் மெரிலுடைய வலது கை எங்கே போகிறது என்றுதான் கொரீன் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அவன் முட்டையைப் புரட்டியபோதும் அந்தக் கையையே பார்த்தாள். கட்டிய புருஷனை வேவு பார்க்கிறோமே என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. இருந்தாலும் கண் கேட்கவில்லை.

மலைமேல் இருக்கும் எங்கள் லெட்வில்லில் காற்று மெலிசு. பழைய விமானத்தில் எரிபொருளை முழுக்கத் திறந்துவிட்டு இங்கே கிளம்பினால் இஞ்சின் இருமும். அதனால் சிவப்புக் குமிழைக் கொஞ்சம் வெளியே இழுத்து, எரிபொருளைக் குறைத்துக்கொண்டுதான் கிளம்புவோம். மெரில் ஆயுசெல்லாம் அப்படித்தான் பறந்தான். போன வசந்தத்தில் வாங்கிய இந்த விமானத்தில் டர்போ இருக்கிறது. மெலிந்த காற்றையும் அது அழுத்தித் திணித்துவிடும். அந்தக் காற்றுக்கு ஈடாக முழு எரிபொருளும் வேண்டும். முழு வேகத்தில் ஏறும்போது குறைத்தால் இஞ்சின் உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும். "இதுகூடத் தெரியாதா எனக்கு?" என்று மெரில் பயிற்சியாளரிடம் சிரித்தான். தெரியும்தான். கைக்குத்தான் தெரியவில்லை.

போன வாரம் அந்தக் கை குமிழை இழுத்ததை அவள் பார்த்தாள். மரங்களுக்கு மேலே எழும்பிய பிறகு, சூட்டுமானியின் முள் ஏறுவதைக் கண்டு அவனே சத்தமில்லாமல் உள்ளே தள்ளினான். வீடு வரும்வரை இருவரும் வானிலையைப் பற்றியே பேசினார்கள்.

இன்றைக்குப் பின் இருக்கையில் மகள் டெஸ், மடியில் கைக்குழந்தையோடு. மலைக்கு அந்தப்பக்கம், அவள் வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும்.

"அப்பா, ஹெட்செட்ட எடுத்தெடுத்து வாயில வைக்கிறா இவ."

"வைக்கட்டும்மா. அவங்க பாட்டி சமையலவிட அது தேவலாம்," என்றான் மெரில்.

சொல்லிக்கொண்டே அவன் கை போனது. குமிழ் வெளியே வந்தது.

விமானி உட்காருவது இடது இருக்கையில்; வலது இருக்கையில் உட்காருகிறவர் கையை மடியில் வைத்துக்கொள்ளவேண்டும். கல்யாணமான புதிதில் அவன் போட்ட சட்டம், அவள் ஒருநாளும் மீறியதில்லை. இப்போது எட்டிக் குமிழை முழுக்க உள்ளே தள்ளி, அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"கைய எடு, கொரீன்."

"மாட்டேன்."

"என்னம்மா ஆச்சு?" என்றாள் டெஸ்.

அவன் குமிழைப் பார்த்தான். அதன் மேலிருந்த அவள் விரல்களைப் பார்த்தான். கழுத்து சிவந்து, மெல்ல வெளுத்தது.

"போன வாரமும் பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்லவே இல்லையே."

"நீயும்தான் சொல்லல."

பின்னால் காத்திருந்த விமானத்திலிருந்து ரேடியோவில் ஹாங்க்கின் குரல் வந்தது. "மெரில், கிளம்புறியா, இல்ல அங்கயே வீடு கட்டி குடியேறப் போறியா?"

காற்றின் திசை காட்டக் கம்பத்தில் கட்டியிருந்த துணிப்பை உப்பி நேராக நின்றது, கிளம்புவதற்கு அருமையான காற்று. புரொப்பல்லர் சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் குழந்தை எதற்கோ கெக்கலித்தது. மெரில் தன் வலது கையை, யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் போலத் திருப்பிப் பார்த்தான். பிறகு வலது இருக்கைக்காரர் வைப்பதுபோல், அதை மெதுவாகத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.